உயர்த்திய பிக்கப் வாங்குமுன் கீழே குனிந்து பாருங்கள்

கனடாவுக்கு வந்து சேர்ந்து, வதிவிடப் பத்திரங்கள், வீடு, பிள்ளைகளின் பாடசாலை என ஒவ்வொன்றாக ஒழுங்கு செய்து முடிக்கும் குடும்பத்தின் முன் அடுத்ததாக வந்து நிற்பது வாகனம். மோர்னிங்சைட் பகுதியில் பஸ்ஸை மட்டும் நம்பி வாழ்வது எவ்வளவு கடினம் என்பது மாசி மாதக் குளிரில் பஸ் தரிப்பிடத்தில் நின்ற எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூரை வேலை, புல்வெட்டும் வேலை, பனி அகற்றும் வேலை என்று இறங்கும் எமது இளைஞர்கள் காரை விட்டுப் பிக்கப் வாங்கவே விரும்புகிறார்கள். அப்படித் தேடும்போது கண்ணில் படுவதுதான், பெரிய ரயர் பூட்டி நிலத்திலிருந்து நன்றாக உயர்த்திய நாலு சில்லு இழுவைப் பிக்கப்.

பார்வைக்கு அது யானை போல நிற்கும். விலையும் சில வேளைகளில் கைக்கு எட்டுவதாக இருக்கும். விற்பவர், "இதற்கு மட்டும் மூவாயிரம் டொலர் செலவழித்தேன்" என்று சில்லைக் காட்டிச் சொல்வார். எதற்குச் செலவழித்தார், எதற்குச் செலவழிக்காமல் விட்டார் என்பதுதான் வாங்குபவர் அறிய வேண்டிய விடயம். வாகனத்தை உயர்த்துவது ஒரு நாள் வேலை. உயர்த்திய பின் அதனுடன் சேர்ந்து மாற வேண்டிய பாகங்கள் ஒரு டசினுக்கு மேல் உண்டு. அவற்றை மாற்றாமல் விட்ட வாகனங்களே பெரும்பாலும் "உள்ளபடியே விற்பனைக்கு" என்ற வாசகத்துடன் எம்மவர் கைக்கு வந்து சேர்கின்றன.

ஊர்ச் சமாளிப்பும் இங்குள்ள வேகமும்

வாகனத்தை உயர்த்துவது எமக்குப் புதிய விடயம் அல்ல. நெல் மூட்டையும் விறகும் ஏற்றும் லொறிகளுக்கு மேலதிகமாக ஒரு வில்லுத்தகடு செருகிப் பின்பக்கத்தை நிமிர்த்தி விடுவதை ஊர்க் கராஜ்களில் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்கள் எமது மெக்கானிக்குகள். இல்லாத சாமானுக்கு இருக்கிற சாமானை வைத்துச் சமாளித்த அந்தக் கைவண்ணத்தை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் அந்தச் சமாளிப்பு நடந்த றோட்டு வேறு. குண்டும் குழியுமான பாதையில் மணிக்கு 40 கிலோ மீற்றரில் போன வாகனத்தில் ஒரு பாகம் கழன்றால், வாகனம் நிற்கும், இறங்கிப் பார்க்கலாம். மோர்னிங்சைட்டில் இருந்து 401 நெடுஞ்சாலைக்கு ஏறிய சில விநாடிகளில் நீங்கள் 100 கிலோ மீற்றர் வேகத்தில், முன்னும் பின்னும் பாரிய ட்றக்குகள் சூழ ஓடிக்கொண்டிருப்பீர்கள். அங்கு ஒரு போல்ற் கழன்றால் இறங்கிப் பார்க்க அவகாசம் கிடையாது.

இது பயமுறுத்தல் அல்ல. 1995இல் ஒன்ராறியோ நெடுஞ்சாலைகளில் பார ஊர்திகளிலிருந்து கழன்று பறந்த சில்லுகள் வேறு வாகனங்களில் மோதி உயிர்களைப் பறித்தன. மரண விசாரணையும் நடந்தது. அதன் பின் 1997இல் சட்டம் திருத்தப்பட்டு, வர்த்தக வாகனமொன்றின் சில்லு கழன்றால் 2,000 டொலரிலிருந்து 50,000 டொலர் வரை அபராதம் என்று விதிக்கப்பட்டது. ஒரு நட் சரியாக இறுக்கப்படாததன் விலை இந்த நாட்டில் அவ்வளவு.

துலாவை நினைத்துப் பாருங்கள்

சஸ்பென்சன் என்பது என்ன என்று விளங்கிக் கொள்ள எமது கிணற்றுத் துலாவை நினைத்தால் போதும். துலா கிடையாக நிற்கும்போது அதன் நுனி சற்று ஏறி இறங்கினால், கிட்டத்தட்ட நேர் மேலும் கீழுமாகவே அசையும். ஆனால் துலா செங்குத்தாகச் சரிந்து நிற்கும்போது அதே அளவு அசைந்தால், நுனி மேலே போவதோடு பக்கவாட்டிலும் நகரும்.

வாகனத்தின் சில்லைச் சசியுடன் இணைக்கும் கொன்ட்ரோல் ஆம், ஸ்ரியறிங்கில் இருந்து சில்லுக்குப் போகும் ரை றொட் ஆகியவை எல்லாம் சிறிய துலாக்கள்தான். கொம்பனிக்காரர் அவற்றைக் கூடியவரை கிடையாக நிற்கும்படி அமைத்திருப்பார்கள். வாகனத்தை நாலு அங்குலம் உயர்த்தியதும் அந்தத் துலாக்கள் எல்லாம் கீழ்நோக்கிச் சரிந்து விடுகின்றன. அதன் பின் குழியில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் சில்லு மேலும் கீழும் அசைவதோடு, தானாக இடமும் வலமும் திரும்பப் பார்க்கும். சாரதி ஸ்ரியறிங்கைத் திருப்பாமலே வாகனம் இழுக்கும். "பெரிய ரயர் என்றால் அப்படித்தான்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

எப்படி உயர்த்தியிருக்கிறார்கள்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். வழிகள் பல. எல்லாம் ஒரே தரம் அல்ல.

பின்பக்கம் வில்லுத்தகடு உள்ள பிக்கப்புகளில், அச்சுக்கும் தகட்டுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவது மலிவான முறை. ஒரே கட்டை, சரியான அளவில், புதிய யூ போல்ற்றுடன் பூட்டப்பட்டிருந்தால் பின்பக்கத்துக்கு அது பாவனைக்கு உகந்ததே. கட்டைக்கு மேல் கட்டை அடுக்கியிருந்தாலோ, முன் அச்சில் கட்டை வைத்திருந்தாலோ அந்த வாகனத்தை விட்டு விலகுங்கள். பிறேக் பிடிக்கும்போது முன் அச்சில் விழும் பாரம் அந்தக் கட்டையைப் புரட்டப் பார்க்கும். மேலதிகத் தகடு செருகுவது இன்னொரு முறை. ஏற்றும் பாரம் கூடும், ஆனால் வெறுமையாக ஓடும்போது முதுகு நோகும். முழுத் தகட்டுத் தொகுதியையும் புதிதாக மாற்றுவதே சிறந்தது.

முன்பக்கம் சுருள் வில் உள்ள ரொயோற்றா ரக்கோமா போன்ற வாகனங்களில், வில்லின் தலையில் ஒரு வட்டத் துண்டு வைத்து உயர்த்துவார்கள். சுருள் வில் கொன்ட்ரோல் ஆமின் நுனியில் இல்லாமல் நடுப்பகுதியில் நிற்பதால், ஒரு அங்குலத் துண்டு சில்லில் ஏறத்தாழ இரண்டு அங்குல உயரத்தைத் தரும். இதை அறியாமல் மூன்று அங்குலத் துண்டு வைத்தால் மேல் ஆம் சுருளில் போய் முட்டும். போல் ஜொயின்ற் தன் எல்லைக்கு அப்பால் வளைக்கப்படும்.

மூன்றாவது, முறுக்குக் கம்பி. மொறிஸ் மைனரின் முன்பக்கத்தில் இருந்த அதே அமைப்புத்தான் பழைய பல பிக்கப்புகளிலும் உண்டு. ஒரு போல்ற்றை இறுக்கினால் முன்பக்கம் உயரும்; செலவு எதுவும் இல்லை. ஆனால் கம்பி நீளவில்லை, புதிய வில்லும் வரவில்லை. சில்லு கீழே இறங்குவதற்கு இருந்த இடம்தான் குறைகிறது. இப்படி உயர்த்திய வாகனம் சிறு குழியிலும் 'டக்' என்று அடிக்கும்.

நாலாவது, சசியை அப்படியே விட்டு மேற்கூட்டை மட்டும் வட்டத் துண்டுகளில் ஏற்றி வைப்பது. இதில் சஸ்பென்சன் மாறுவதில்லை. ஆனால் ஸ்ரியறிங் தண்டும் எரிபொருள் குழாயும் வயர்களும் இழுபடவில்லையா என்று பார்க்க வேண்டும்.

கூடவே மாற வேண்டியவை

உயரத்தைக் கொடுப்பது வில். ஆனால் வில்லைப் பின்பற்றி வர வேண்டியவை பல. ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

ஷொக் அப்சோபர்: பழைய நீளத்திலேயே விட்டிருந்தால், அது கட்டைக் கயிற்றில் கட்டிய வாளி போல. சில்லு குழிக்குள் இறங்கும்போது வில் நீளும், ஷொக் நீளாது. ஒவ்வொரு குழியிலும் அதன் தண்டும் பூட்டும் இழுபட்டு, எண்ணெய் கசிந்து, கடைசியில் பூட்டே கழன்று விடும். மறுபுறம், மிக நீளமான ஷொக் பூட்டினால் சில்லு மேலே வரும்போது அது அடிமுட்டும். அதற்காகத்தான் பம்ப் ஸ்ரொப் எனப்படும் இறப்பர்த் தடையையும் உயரத்துக்கு ஏற்ப நீட்ட வேண்டும்.

பிறேக் ஹோஸ்: எல்லாவற்றிலும் முக்கியமானது இது. சில்லுக்குப் போகும் இறப்பர் ஹோஸ் பழைய உயரத்துக்கு அளந்து போட்டது. வாகனத்தை ஜக்கில் ஏற்றி, சில்லை முழுவதும் தொங்க விட்டுப் பாருங்கள். ஹோஸ் விறைத்து நின்றால் அது ஒரு நாள் அறும். எந்த நாள் என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. பக்கத்தில் ஓடும் ஏ.பி.எஸ். வயரையும் கைபிறேக் கேபிளையும் சேர்த்துப் பாருங்கள்.

ஸ்வே பார் லிங்க்: வளைவுகளில் வாகனம் சரியாமல் தாங்கும் கம்பியை அச்சுடன் இணைப்பது. நீளமான லிங்க் போடாமல், கழற்றியே விட்டு விடுபவர்களும் உண்டு. கரடுமுரடான பாதையில் அது வசதி. 401இல் அது ஆபத்து.

ட்ராக் பார்: ஜீப் றாங்ளர் போல முன்பக்கமும் ஒரே அச்சாக உள்ள வாகனங்களில், அச்சு இடம் வலம் நகராமல் பிடிப்பது இந்தக் கம்பி. வாகனம் உயர்ந்ததும் இது சரிந்து, அச்சை ஒரு பக்கம் இழுத்துக் கொள்ளும். நீளம் மாற்றக்கூடிய கம்பி பூட்ட வேண்டும். இதன் புஷ் தேய்ந்து போல்ற் இளகினால், வேகத்தில் ஒரு சிறு குழியில் விழுந்ததும் முன் சில்லுகள் இரண்டும் கட்டுக்கடங்காமல் ஆடத் தொடங்கும். ஸ்ரியறிங்கைப் பிடிக்க முடியாது. சிலர் இதற்கு ஒரு ஸ்ரியறிங் டாம்பரைப் பூட்டி விற்று விடுவார்கள். காய்ச்சலுக்குப் பனடோல் போட்டது போல, நோய் அப்படியே இருக்கும்.

காஸ்ரர் கோணம்: சில்லு தானாக நேருக்கு வருவதற்குக் காரணமான சரிவு இது. உயர்த்தும்போது இது குறையும். திருப்பத்தில் ஸ்ரியறிங்கை விட்டால் தானாகத் திரும்பி வராது. நேர் றோட்டிலும் வாகனம் அலையும். வீல் எலைன்மென்ற் செய்து அளவுகள் அச்சிடப்பட்ட தாளைக் கேளுங்கள். உயர்த்திய பின் எடுத்த தாள் இல்லாவிட்டால், எலைன்மென்ற் செய்யப்படவில்லை என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

ட்றைவ் ஷாஃப்ற்: இதன் இரு முனையிலும் உள்ள யூனிவேர்சல் ஜொயின்ற்றுகள் ஒன்றுக்கொன்று சமமான கோணத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒன்றின் அதிர்வை மற்றது நீக்கும். உயர்த்தியதும் இந்தச் சமன் குலையும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் இருக்கையில் அதிர்வு தெரிந்தாலோ, மெதுவாக ஓடும்போது கீழே 'கிறீச், கிறீச்' என்று தாளம் கேட்டாலோ அது இதன் அறிகுறி. முன் சில்லுகளுக்குப் போகும் தண்டில் உள்ள சீ.வீ. ஜொயின்ற்றின் இறப்பர் உறை கிழிந்து கிறீஸ் தெறித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

வேகமானி: 31 அங்குல ரயரை எடுத்து 33 அங்குல ரயர் போட்டு, கணினியைத் திருத்தாமல் விட்டால், மானி 100 காட்டும்போது நீங்கள் உண்மையில் 106 கிலோ மீற்றரில் போகிறீர்கள். பொலிஸாரிடம் அந்தக் கணக்கைச் சொல்லித் தப்ப முடியாது.

கவிழும் கணக்கு

உயரத்துக்கு ஒரு விலை எப்போதும் உண்டு. அமெரிக்காவின் வீதிப் பாதுகாப்பு நிறுவனம் வாகனங்கள் கவிழும் அபாயத்தை மதிப்பிட ஓர் எளிய பின்னத்தைப் பயன்படுத்துகிறது. இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையேயுள்ள அகலத்தை, வாகனத்தின் பாரமையம் நிலத்திலிருந்து நிற்கும் உயரத்தின் இரு மடங்கால் வகுப்பதுதான் அது. எண் சிறிதாகச் சிறிதாகக் கவிழ்வது சுலபம்.

உதாரணமாக, அகலம் 160 சென்ரிமீற்றர், பாரமையம் 72 சென்ரிமீற்றர் உயரம் என்று வைப்போம். 160ஐ 144ஆல் வகுத்தால் 1.11. வாகனத்தை நாலு அங்குலம், அதாவது 10 சென்ரிமீற்றர் உயர்த்தும்போது அச்சும் சில்லும் கீழேயே நிற்பதால் பாரமையம் சுமார் 8 சென்ரிமீற்றர் உயரும் என்று கொள்ளலாம். இப்போது 160ஐ 160ஆல் வகுக்க, 1.00. அதற்கு மேல் கூரையில் ஏணியும் கூரைத் தகடும் ஏற்றினால் இன்னும் குறையும்.

கனடாவில் 2011 செப்ரெம்பர் முதலாம் திகதிக்குப் பின் தயாரான புதிய கார்களிலும் சிறிய பிக்கப்புகளிலும், வழுக்கும்போது தானாகப் பிறேக் பிடித்து வாகனத்தை நேராக்கும் மின்னணு உறுதிக் கட்டுப்பாடு கட்டாயம். அந்தக் கணினிக்குத் தெரிந்தது கொம்பனி உயரமும் கொம்பனி ரயருமே. அண்மைக்கால வாகனங்களில் முன்னால் பார்க்கும் கமராவும் றேடாரும் அதே உயரத்துக்கு அளவிடப்பட்டவை. உயர்த்திய பின் இவற்றை மீள அளவிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

சட்டமும் இன்சூரன்சும்

ஒன்ராறியோவில் பாவித்த வாகனம் ஒன்றைத் தனியாரிடம் வாங்கும்போது, விற்பவர் பாவித்த வாகனத் தகவல் பொதி ஒன்றைத் தர வேண்டும். சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலருக்கு அது கிடைக்கும். முன்னைய உரிமையாளர்கள், வாகனத்தின் மேல் கடன் உண்டா என்பன அதில் இருக்கும். கடன் உள்ள வாகனத்தை வாங்கினால், கடன்காரர் உங்கள் வாசலுக்கே வந்து வாகனத்தை எடுத்துப் போகலாம். பொதியில் கடைசிப் பெயர் விற்பவரின் பெயர்தானா என்று பாருங்கள். வேறு பெயர் என்றால், அனுமதியில்லாமல் வாகன வியாபாரம் செய்பவரிடம் அகப்பட்டிருக்கிறீர்கள். பதிவு பெற்ற வியாபாரிகளைக் கண்காணிக்கும் ஒம்விக் அமைப்பின் நட்டஈட்டு நிதி இத்தகைய தனியார் கொள்வனவுக்குக் கிடைக்காது.

வாகனத்துக்கு இலக்கத்தகடு பூட்டி ஓட, சேஃப்ரி என்று நாம் சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. அது 36 நாட்களுக்குச் செல்லுபடியாகும். பரிசோதித்த நாளில் வாகனம் ஆகக் குறைந்த தரத்தில் இருந்தது என்பது மட்டுமே அதன் பொருள். அது உத்தரவாதப் பத்திரம் அல்ல. ஆகையால் விற்பவர் கொண்டு வரும் சேஃப்ரியுடன் திருப்தி அடையாமல், நீங்கள் தெரிவு செய்த கராஜில் ஒரு முறை வாகனத்தை ஏற்றிப் பாருங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால், அதுவே உங்களுக்கான பதில்.

சேஃப்ரி இருந்தாலும், ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தை வீதியில் ஓட்டுவது நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் குற்றம். பொலிஸார் நிறுத்திப் பரிசோதிக்கலாம்; இலக்கத்தகட்டைக் கழற்றவும் அதிகாரம் உண்டு. ரயர் மட்காட்டுக்கு வெளியே தள்ளி நிற்பதும், உயர்ந்த முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் அவர்கள் கண்ணில் முதலில் படும் விடயங்கள். விளக்கைக் கீழ்நோக்கித் திருத்த ஒரு திருகாணி போதும்.

இன்சூரன்ஸ் விடயத்தில்தான் எமது குடும்பங்கள் கூடுதலாக அடிபடுகின்றன. ஒன்ராறியோவின் பொது வாகனக் காப்புறுதிப் பத்திரம், ஆபத்தின் அளவைப் பாதிக்கும் எந்த மாற்றத்தையும் உடனே அறிவிக்கும்படி கேட்கிறது. வாகனம் உயர்த்தப்பட்டிருப்பது அத்தகைய மாற்றம். மாதக் கட்டணம் கூடும் என்று பயந்து மறைத்தால், விபத்து நடந்த பின் கோரிக்கை மறுக்கப்படலாம். வாங்குமுன்பே முகவரைக் கூப்பிட்டு, எத்தனை அங்குலம் உயர்த்தியது, என்ன ரயர் என்று சொல்லி, அவர் பதிலை எழுத்தில் வாங்குங்கள். சில கொம்பனிகள் ஏற்கவே மாட்டா. அதை முன்னரே அறிவது நல்லதுதானே.

வீட்டிலுள்ளவர்களை மறக்க வேண்டாம்

பிக்கப் வேலைக்கு மட்டும் போவதில்லை. கோயிலுக்கும் வைத்தியரிடமும் கல்யாண வீட்டுக்கும் அதே வாகனம்தான். சேலையோடு அம்மம்மா அந்த உயரத்துக்கு எப்படி ஏறுவார்? பனியில் நனைந்த படியில் கால் வழுக்கினால் இடுப்பு முறியும்.

அதைவிடப் பெரிய விடயம் சிறு பிள்ளைகள். உயர்த்திய வாகனத்தின் பொனற்றுக்கு முன்னால் நிற்கும் மூன்று, நாலு வயதுப் பிள்ளை சாரதியின் கண்ணுக்குத் தெரியாது. பின்னுக்கு எடுக்கும்போது பார்க்கக் கமரா இருக்கும். முன்னால் எதுவும் இருக்காது. நெருங்கிய ரவுன்ஹவுஸ் வளவுகளில் வாகனத்தின் முன் பந்து உருட்டி விளையாடும் எமது பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஓட்ட முன் வாகனத்தை ஒரு முறை சுற்றி வந்து பார்ப்பதை வீட்டில் எல்லோரும் பழக வேண்டும்.

தாமே பூட்ட விரும்புபவர்களுக்கு

எமது இளைஞர்கள் பலர் கைவேலை தெரிந்தவர்கள். தாமே பூட்ட விரும்பினால், சில விடயங்களை மட்டும் மறக்க வேண்டாம்.

ஜக்கில் மட்டும் நிற்கும் வாகனத்தின் கீழ் ஒருபோதும் புக வேண்டாம். சசியின் கீழ் ஸ்ராண்ட் வைத்த பிறகே வேலை. சுருக்கி வைத்த சுருள் வில் துப்பாக்கி ரவை போன்றது. உரிய கருவி இல்லாமல் தொட வேண்டாம். ஒரு முறை இறுக்கிய யூ போல்ற் நீண்டிருக்கும். புதியதே போட வேண்டும்.

புஷ் உள்ள போல்ற்றுகளை, சில்லுகள் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வாகனத்தை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் விழுந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால், வாகனம் இறங்கியதும் உள்ளே உள்ள இறப்பர் முறுக்குப்பட்டே நிற்கும். சில மாதங்களில் கிழிந்து விடும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளே அவசரத்தில் தவற விடும் இடம் இது.

எல்லாவற்றையும் ரோர்க் றென்ச்சால் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். சில்லு நட்டுகளை 100 கிலோ மீற்றர் ஓடிய பின் மீண்டும் ஒரு முறை, யூ போல்ற்றுகளை 100இலும் பின்னர் சில நூறு கிலோ மீற்றரிலும் இறுக்கிப் பார்க்க வேண்டும். பின்னர் எலைன்மென்ற். அதன் செலவு ஒரு புதிய ரயரின் விலையை விடக் குறைவு. செய்யாமல் விட்டால் நாலு ரயரும் ஒரே வருடத்தில் தேயும்.

ஊரில் பல வருடம் கராஜில் வேலை செய்துவிட்டு இங்கு வந்து களஞ்சியங்களில் பெட்டி தூக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒன்ராறியோவில் வாகனத் திருத்துனர் வேலை 310எஸ் என்ற சான்றிதழ் கட்டாயமான தொழில். ஸ்கில்ட் ட்றேட்ஸ் ஒன்ராறியோ என்ற அமைப்பிடம் உங்கள் ஊர் அனுபவத்தை நிரூபித்தால், அதை மதிப்பிட்டுப் பரீட்சை எழுத அனுமதிப்பார்கள். பழைய முதலாளியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். அந்தக் கைவண்ணம் வீணாகப் போகக் கூடாது.

பார்க்கப் போகும் நாளில்

வெளிச்சமுள்ள நேரத்தில், பனியும் மழையும் இல்லாத நாளில் போங்கள். ஒரு ரோர்ச் லைற்றும் ஒரு சிறு சுத்தியலும் பழைய பாயும் எடுத்துப் போங்கள். கீழே படுத்து, சசியைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டு துருச் செதில் விழுந்தால், பனிக்காலத்தில் றோட்டில் கொட்டும் உப்பு அதைத் தின்றிருக்கிறது. புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தால் இரட்டைக் கவனம். புதிய வெல்டிங் தழும்புகள் எங்கே உள்ளன என்று பாருங்கள். ஸ்ரியறிங் பாகங்களில் வெல்டிங் கண்டால் அத்துடன் எழுந்து வீட்டுக்கு வாருங்கள்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். மோர்னிங்சைட் அவெனியூ எல்ஸ்மியருக்குத் தெற்கே ஹைலன்ட் கிறீக் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் இடம் நல்ல சோதனை: இறக்கத்தில் பிறேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, ஏற்றத்தில் கீழே அதிர்கிறதா? திருப்பத்தில் ஸ்ரியறிங்கைத் தளர்த்தினால் தானாக நேருக்கு வருகிறதா? அதன் பின், இவை எல்லாம் சரி என்றால் மட்டும், 401இல் ஓர் இறக்கம் தூரம்.

ஏற்கனவே வாங்கி விட்டவர்கள் மனம் உடைய வேண்டாம். உயர்த்தியதை இறக்கவும் முடியும். பழைய அளவு வில்லும் ஷொக்கும் ரயரும் உடைத்து விற்கும் யார்டுகளில் கிடைக்கும். சேறும் பாறையும் தேடி வடக்கே போவதாக இல்லாவிட்டால், ஸ்காபரோ வீதிகளில் ஒரு குடும்பத்துக்கு அந்த உயரம் தேவையே இல்லை. கொம்பனி கொடுத்த உயரத்தில், பாகங்கள் எல்லாம் இறுக்கமாக உள்ள, பத்து வருடம் பழைய பிக்கப் ஒன்று, பார்வைக்குச் சாதாரணமாக நின்றாலும் காலையில் உங்களை வேலைக்குக் கொண்டு போய், மாலையில் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்க்கும். வாகனத்திடம் நாம் கேட்பது அவ்வளவுதான்.